கூகுளில் வரப்போகும் படம்

தயாளன் காலையில் கடைக்கு வந்ததும் சாமி கும்பிட மாட்டார். முதலில் கம்ப்யூட்டரைத் திறந்து கூகுள் பக்கத்தைப் பார்ப்பார். அந்த ஆறு எழுத்தும் வழக்கம்போல் சும்மா நின்றால் பேசாமல் வேலையைத் தொடங்கிவிடுவார். அன்றைக்கு யாருக்காவது பிறந்தநாள், ஏதோ ஒரு நாட்டில் சுதந்திர தினம் என்று எழுத்துகளைப் படமாக்கியிருந்தால் போச்சு. கடையில் யாருக்கும் பசியாறல் இறங்காது.

"இங்க பாரு வாசு, அந்த 'ஓ'வ நிலாவா ஆக்கிட்டான். எழுத்தும் தெரியுது, படமும் தெரியுது. ரெண்டும் ஒன்ன ஒன்னு கெடுக்கல பாரு. இதுதான் கஷ்டம்" என்று ஆரம்பித்தால், கவுண்டரில் ஆள் வந்து நின்றாலும் நிறுத்த மாட்டார். அந்தப் படங்களையெல்லாம் சேர்த்தும் வைத்திருந்தார். கேட்காதவர்களுக்கும் திறந்து காட்டுவார். நல்ல மனிதர்தான், ஆனால் நல்ல அறுவை. இரண்டும் ஒருவரிடமே இருப்பது ஆபத்து என்பது அவருக்குத் தெரியவில்லை.

கடை பினாங்குத் தீவின் லிட்டில் இந்தியாவில், குவீன் ஸ்திரீட்டில் இருந்தது. பேனர் அச்சடிக்கும் கடை. கல்யாணம், காதுகுத்து, கோவில் திருவிழா எல்லாம் வரும். எல்லாவற்றையும்விட அதிகமாகச் சாவு வரும். பினாங்கில் ஒரு தமிழர் கண்ணை மூடினால், உடம்பு வீட்டுக்கு வந்து சேர்வதற்குள் அவர் சிரித்துக்கொண்டு மேகத்தின் நடுவே நிற்கும் பேனர் வாசலில் தொங்கியாக வேண்டும். அந்த மேகத்தைப் போடுகிறவர் தயாளன்தான். இரண்டு பக்கமும் குத்துவிளக்கு, மேலே ஒரு புறா. கத்தோலிக்கர் என்றால் விளக்கை எடுத்துவிட்டுச் சிலுவை. உயிரோடிருந்தபோது கோட்டு போடாதவர்களுக்கெல்லாம் கோட்டு மாட்டிவிடுவார்.

பேனரின் கீழ் மூலையில் 'வடிவமைப்பு: தயாளன்' என்று சின்னதாகப் போட்டுக்கொள்வார். அந்தச் சின்ன ஆசை மகளுக்கு வினையாகிவிட்டது. தீவுக்கு அக்கரையில், அவர்கள் வீடு இருக்கும் சிம்பாங் அம்பாட்டில் தனுஜா படிவம் நான்கு, அதாவது பத்தாம் வகுப்பு, படிக்கிறாள். வகுப்புப் பையன் ஒருவனுடைய மாமா இறந்துபோக, அந்த வீட்டுப் பேனரில் பெயரைப் பார்த்தவன் மறுநாள் பள்ளியில் சொல்லிவிட்டான். அன்றிலிருந்து அவள் பெயர் ஆர்.ஐ.பி. வருகைப் பதிவில் மட்டும்தான் தனுஜா.

"ஒங்க பேர அதுல போடாதீங்கப்பா. எனக்கு அசிங்கமா இருக்கு" என்றாள் ஒருநாள், தட்டைப் பார்த்துக்கொண்டே. அவள் அம்மா காமினி ஜுரு தொழிற்சாலையில் இரவு ஷிஃப்ட் முடித்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். தயாளன் சரி என்றார். மறுநாளிலிருந்து மூலையில் பெயர் இல்லை.

அவருக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று. தனுஜா தன் போனைத் திறக்க வேண்டும், அதில் அப்பா போட்ட படம் இருக்க வேண்டும், பக்கத்தில் நிற்கும் தோழியிடம் 'இது எங்கப்பா போட்டது' என்று அவள் சொல்ல வேண்டும். அதற்குச் சாவு பேனர் உதவாது. உலகத்திலேயே எல்லோரும் திறக்கும் பக்கம் எதுவோ, அதில்தான் வர வேண்டும் என்று முடிவு கட்டிவிட்டார்.

ஜூலை ஏழாம் தேதி ஜார்ஜ் டவுனுக்கு உலகப் பாரம்பரிய நகரம் என்ற பெயர் கிடைத்த நாள். அந்த நாளுக்காக வேலை முடிந்த பிறகு உட்கார்ந்து வரைந்தார். முதல் எழுத்து சுருட்டி வைத்த மல்லிகைச் சரம். இரண்டு 'ஓ'வும் ரிக்‌ஷாவின் இரண்டு சக்கரங்கள், இங்கே கட்டுவதுபோலவே பிளாஸ்டிக் பூ சுற்றியவை. அடுத்த எழுத்து குனிந்து மிதிக்கும் ரிக்‌ஷாக்காரர். அதற்கடுத்தது கடைத்தெருத் தூண். கடைசி எழுத்து மடித்து அடுக்கிய சேலைகள். ரிக்‌ஷாவுக்குள்ளே ஒரு பெண் காலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். அவளுக்குத் தனுஜாவின் முகம், மேல் உதட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் மச்சத்தோடு. அருமையான படம். இதில் கேலி ஒன்றும் இல்லை, உண்மையிலேயே அருமையான படம்.

யோசனை அனுப்பும் முகவரி ஒன்றைத் தேடிப் பிடித்து அனுப்பினார். பதில் வரவில்லை. ஒவ்வொரு நாளும் பார்த்தார், ஒவ்வொரு நாளும் வரவில்லை என்று கடையில் அறிவித்தார். அதைக் கேட்டுக் கேட்டுத்தான் வாசுவுக்கு அந்த எண்ணம் வந்தது.

வாசு அச்சு மெஷினைப் பார்த்துக்கொள்பவன். கெட்டவன் என்று சொல்ல முடியாது, சலிப்படைந்தவன். அவனோடு படித்த மார்க் இப்போது மெல்பர்னில் இருக்கிறான். "ஒரு மெயில் போடு லா. அண்ணன் குளுந்து போவாரு. ரெண்டு நாள்ல சொல்லிருவோம்" என்று வாசு கேட்க, மார்க் கூகுளிலிருந்து வருவதுபோலவே நல்ல ஆங்கிலத்தில், கீழே நீளமான பதவிப் பெயரோடு ஒரு மெயில் எழுதினான். படம் பிடித்திருக்கிறது, குழு பரிசீலிக்கிறது, ரகசியமாக வைத்திருங்கள்.

ரகசியம் அன்று மதியத்துக்குள் மார்க்கெட் ஸ்திரீட் வரைக்கும் போய்விட்டது. பூக்கடைக்காரருக்குத் தெரியும், நாணய மாற்றுக்காரருக்குத் தெரியும். வீட்டில் தனுஜா மெயிலை வாங்கி இரண்டு தடவை படித்தாள். அப்புறம் அப்பாவை நிமிர்ந்து பார்த்தாள். "இது நெசமாப்பா?" என்று கேட்டபோது அவள் குரலில் இருந்ததைக் கேட்க அவர் எதை வேண்டுமானாலும் கொடுத்திருப்பார். கொடுக்கத்தான் போகிறார்.

இரண்டு நாளில் சொல்வதாகத்தான் திட்டம். ஆனால் தயாளன் மறுநாள் கடைக்கு ஜிலேபி வாங்கி வந்துவிட்டார். ஜிலேபியைத் தின்றுகொண்டே எப்படிச் சொல்வது? இன்னொரு மெயில் வந்தது. தேர்வாகிவிட்டது, ஜூலை ஏழு, மலேசியா முழுக்க. அதற்கு லட்டு வந்தது.

முதலாளி ராமதாஸுக்கு விஷயம் தெரிந்தது அப்போதுதான். வாசுவைத் தனியாகக் கூப்பிட்டு, நடந்ததை முழுக்கக் கேட்டு, வயிறு குலுங்கச் சிரித்தார். சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். போன மாதம்தான் அவர் ஒரு சாஃப்ட்வேர் வாங்கியிருந்தார். செத்தவரின் படத்தைக் கொடுத்தால் மேகம், புறா, கோட்டு எல்லாவற்றையும் அதுவே போட்டுவிடும். லட்டு கேட்காது, கதை சொல்லாது. தயாளனை நிறுத்தினால் சட்டப்படி கொடுக்க வேண்டிய ஒரு தொகை இருந்தது. அவராகவே போனால் கை குலுக்கினால் போதும்.

"அடுத்த மெயில்ல இப்படி எழுதச் சொல்லு. அவங்களுக்கு ஆள் வேணுமாம். வீட்டுலேருந்தே வரையலாமாம். ஆனா வேற எடத்துல வேல செய்யக் கூடாதாம்."

"போஸ், அது கொஞ்சம் ஓவர் லா. அவருக்குப் புள்ள படிக்குது."

"நான் அவர வெட்டச் சொல்லலையே. அவரே போறாரு. ஒனக்கு மெஷின் பக்கத்துல இன்னொரு ஆள் வேணும்னு கேட்டுக்கிட்டு இருந்தியே, அதையும் பாக்கலாம்."

முன்னால் இருந்த தே தாரே டீ ஆறுகிற நேரம் வாசு யோசித்தான். பிறகு மெல்பர்னுக்குச் செய்தி அனுப்பினான்.

அந்த மெயிலைப் பார்த்ததும் தயாளன் கைகால் ஓடாமல் உட்கார்ந்துவிட்டார். கவுண்டரில் இருக்கும் நோர்மாவுக்குத்தான் மனசு கேட்கவில்லை. மலாய்க்காரிதான், ஆனால் அந்தத் தெருவிலேயே வளர்ந்தவள், தமிழ் தண்ணீர் பட்ட பாடு. முதலாளி வெளியே போயிருந்த நேரத்தில் மெதுவாகச் சொன்னாள். "அண்ணே, இப்ப ரிசைன் பண்ணாதீங்க. துங்கு டூலு லா, கொஞ்சம் பொறுங்க. ஜூலை ஏழு முடியட்டும், அப்புறம் பாத்துக்கலாம்." அதற்கு மேல் சொல்ல அவளுக்குத் துணிச்சல் இல்லை. அவளுக்கும் அங்கேதான் சம்பளம்.

அவள் சொன்ன விதம் தயாளனுக்கு உறுத்தியது. அவர் முழு முட்டாள் இல்லை. நேராக வாசுவிடம் போனார்.

"வாசு, ஒன்னு கேப்பேன். இது ஒன் வேலையா?"

"என்னண்ணே இப்படிக் கேக்குறீங்க."

"இல்லன்னா கற்பூரம் அடிச்சுச் சொல்லு."

பிள்ளையார் படத்துக்குக் கீழே ஒரு தட்டில் கற்பூரத்தை ஏற்றி வைத்தார். வாசு ஒரு நிமிஷம் நெருப்பைப் பார்த்தான். கற்பூரம் அடித்துப் பொய் சொன்னால் குடும்பம் விளங்காது என்று அவனுக்கும் அவன் அம்மா சொல்லித்தான் வளர்த்திருக்கிறாள். ஆனால் எழுதியது மார்க். எல்லாவற்றையும் தட்டி எழுதியது மார்க்கின் விரல்.

"அந்த மெயில்ல ஒரு எழுத்துகூட நான் எழுதலண்ணே. எழுதியிருந்தா இந்தக் கை வெளங்காமப் போகட்டும்" என்று சொல்லி உள்ளங்கையால் நெருப்பை அடித்து அணைத்தான்.

சொன்னது அத்தனையும் உண்மை. இதைவிடச் சுத்தமான அயோக்கியத்தனம் எனக்குத் தெரிந்து வேறில்லை. தயாளனோ அவன் கையைப் பிடித்து, சுட்டுவிட்டதா என்று பார்த்தார். தண்ணீர் கொண்டுவந்து ஊற்றினார். சந்தேகப்பட்டதற்கு மன்னிப்புக் கேட்டார். மெயிலைச் சந்தேகப்படலாம், கம்ப்யூட்டரைச் சந்தேகப்படலாம். கற்பூரம் அடித்த தமிழனைச் சந்தேகப்பட அவருக்கு யாரும் கற்றுத் தரவில்லை.

அன்று சாயங்காலமே எழுதிக் கொடுத்துவிட்டார். ராமதாஸ் எழுந்து நின்று கட்டிப்பிடித்தார். "ஒங்கள இழக்க மனசே இல்லண்ணே. ஆனா நம்ம ஆள் ஒருத்தர் அந்த அளவுக்குப் போறப்ப நான் குறுக்க நிக்கலாமா? அந்தப் படத்த மட்டும் நம்ம மெஷின்ல ஒரு காப்பி வெச்சிட்டுப் போங்க, ஞாபகமா இருக்கட்டும்." தயாளன் தெளிவான, பெரிய அளவிலான கோப்பாகவே வைத்துவிட்டு வந்தார். எந்த அளவுக்கு இழுத்தாலும் உடையாதது.

ஜூலை ஏழு பினாங்கில் பொது விடுமுறை. தனுஜாவுக்குப் பள்ளி இல்லை. ஆனால் முந்தின நாளே வகுப்புக் குழுவில் போட்டுவிட்டாள், நாளைக் காலையில் எல்லோரும் கூகுளைத் திறந்து பாருங்கள், அது என் அப்பா. ஒருவர்கூட அன்று அவளை ஆர்.ஐ.பி. என்று எழுதவில்லை. அதை அப்பாவிடம் காட்டினாள்.

காலையில் தயாளன் புதுச் சட்டை போட்டுக்கொண்டு ஃபெரியில் கடைக்கு வந்தார். போனைத் திறந்து பார்க்கக் கூடாது, எல்லோரும் சேர்ந்துதான் பார்க்க வேண்டும் என்று ராமதாஸ் சொல்லி வைத்திருந்தார். கடையில் மாவிலை கட்டியிருந்தது. கம்ப்யூட்டர் திரைக்குச் சந்தனம் தடவிக் குங்குமம் வைத்திருந்தார்கள். முன்னால் தேங்காய், வெற்றிலை, கற்பூரம். ஆயுத பூஜைக்குக்கூட அந்தக் கடையில் இவ்வளவு செய்ததில்லை.

வாசு முந்தின நாளே அந்த ஒரு கம்ப்யூட்டரில் கூகுள் பக்கத்தைப் போலவே ஒன்றைச் செய்து, நடுவில் அவர் படத்தை வைத்திருந்தான். ராமதாஸ் திரையைத் தட்டினார். மல்லிகைச் சரம், சக்கரங்கள், தூண், சேலைகள், உள்ளே காலாட்டும் தனுஜா. தயாளன் இரண்டு கையையும் கூப்பினார். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது, துடைக்கவில்லை. ராமதாஸ் கற்பூரம் காட்டினார். வாசு உதட்டைக் கடித்துக்கொண்டு தரையைப் பார்த்தான். நோர்மா பின்னால் போய் நின்றுகொண்டாள்.

"பொண்ணுக்குப் போன் போடுங்கண்ணே. ஸ்பீக்கர்ல போடுங்க, நாங்களும் கேக்குறோம்" என்றார் ராமதாஸ்.

தயாளன் போட்டார். "தனுஜா, பாத்தியாம்மா?"

"அப்பா, இங்க ஒன்னும் வரலப்பா."

"ரெஃப்ரெஷ் பண்ணும்மா. இங்க வந்திருச்சு. நான் நேர்ல பாத்துக்கிட்டு இருக்கேன். நீ அதுல உக்காந்திருக்க."

"எத்தன வாட்டி பண்றது. சும்மாதாம்ப்பா இருக்கு. கிளாஸ்ல எல்லாரும் பாத்துக்கிட்டு இருக்காங்க. எனக்கு மெசேஜ் வந்துக்கிட்டே இருக்குப்பா."

"அக்கரையில கொஞ்சம் லேட்டா வருமா இருக்கும். இரும்மா, இவங்ககிட்ட கேக்குறேன்."

அவர் திரும்பி வாசுவைப் பார்த்தார், கேட்பதற்காக. அந்த முகத்தைப் பார்த்ததும் வாசுவுக்கு அடக்க முடியவில்லை. மூக்கு வழியாக ஒரு சத்தம் வந்தது, பிறகு பெரிதாகவே வந்துவிட்டது. ராமதாஸும் சேர்ந்துகொண்டார். போனின் மறுபக்கத்தில் தனுஜா அதைக் கேட்டாள். "அப்பா, யாரு சிரிக்கிறாங்க? அப்பா?" என்றாள். கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டு வைத்துவிட்டாள்.

"ஜோக் லாண்ணே" என்றான் வாசு. "சும்மா வெளையாட்டுக்கு. மார்க் இருக்கான்ல, என்கூடப் படிச்சவன், அவன்தான் எழுதுனான்."

தயாளன் திரையைப் பார்த்தார், தேங்காயைப் பார்த்தார். பிறகு அவரும் சிரித்தார். நாலு பேர் சிரிக்கும் இடத்தில் ஒருவர் மட்டும் அழுதால் நன்றாக இருக்காது என்று நினைக்கிற மனிதர். "நல்லா ஏமாந்துட்டேன்" என்றார். சட்டையின் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அப்ப நாளைக்கு வேலைக்கு வந்துடவா போஸ்?" என்று கேட்டார்.

ராமதாஸ் சிரிப்பதை நிறுத்திவிட்டார். "நீங்கதானே எழுதிக் குடுத்தீங்க. நான் ஒங்கள வேலையவிட்டு வெளியாக்கலையே. கணக்கெல்லாம் முடிச்சாச்சுண்ணே" என்று சொல்லி, உடைத்த தேங்காயில் ஒரு மூடியைப் பையில் போட்டு அவர் கையில் கொடுத்தார். வீட்டுக்குக் கொண்டுபோகும்படி சொன்னார்.

வீட்டில் தனுஜா அறைக்குள் இருந்தாள். வகுப்புக் குழுவில் யாரோ கூகுளின் வெறும் எழுத்துக்கு மாலை போட்டு, இரண்டு பக்கமும் குத்துவிளக்கு வைத்து, மேலே புறா பறக்கவிட்டு, கீழ் மூலையில் 'வடிவமைப்பு: தயாளன்' என்று எழுதிப் போட்டிருந்தார்கள். பள்ளி முழுக்கப் போய்விட்டது. அதைக் காட்டுவதற்கு மட்டும் அவள் கதவைத் திறந்தாள். போனை அவர் முகத்துக்கு நேராக நீட்டிக் காட்டிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள். காமினி ஷிஃப்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். "வேலையாவது இருந்துச்சு" என்றாள்.

அதற்குப் பிறகு தனுஜா அவரை அப்பா என்று கூப்பிட்டதை அந்த வீட்டுச் சுவர்கள் கேட்கவில்லை. சோறு வேண்டுமென்றால் அம்மாவிடம் கேட்டாள், அம்மா இல்லாவிட்டால் தானே போட்டுக்கொண்டாள். தயாளன் நாலைந்து கடைகளில் வேலை கேட்டார். எல்லோரும் அந்தச் சாஃப்ட்வேரை வாங்கியிருந்தார்கள். எல்லோருக்கும் கூகுள் கதையும் தெரிந்திருந்தது. நாற்காலி போட்டு உட்காரவைத்து, அதை அவர் வாயால் ஒரு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டுவிட்டு அனுப்பினார்கள்.

தீபாவளி நெருங்கியபோது வாசுதான் போன் செய்தான். பேனர் கட்ட ஆள் போதவில்லை. ஏணி ஏற ஆள் வேண்டும், நாள் கூலி. "ஒங்களுக்குத்தான் அளவெல்லாம் தெரியும்ண்ணே" என்றான். தயாளன் ஒப்புக்கொண்டார். வீட்டாரிடம், வரைகிற வேலை கிடைத்திருப்பதாகச் சொன்னார்.

மார்க்கெட் ஸ்திரீட்டில் ஒரு நகைக்கடையின் முகப்பு முழுக்க வரும் பேனர். ஏணியில் ஏறி மேல் மூலைகள் இரண்டையும் கட்டிவிட்டு, சுருளை அவிழ்த்துவிட்டார். அது கீழே விரிந்து இறங்கியது. மல்லிகைச் சரம். பூச்சுற்றிய சக்கரங்கள். தூண் இருந்த இடத்தில் நகைக்கடையின் பெயர். ரிக்‌ஷாவில் காலாட்டிக்கொண்டு தனுஜா. மச்சம் அப்படியே இருந்தது. கழுத்தில் மட்டும் ஒரு தங்க ஆரத்தை சாஃப்ட்வேர் மாட்டிவிட்டிருந்தது.

கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்த வாசு அண்ணாந்து பார்த்தான். "ஒங்க படந்தாண்ணே. நல்ல வேள, வீணாப் போகல."

தயாளன் மேல் முடிச்சுகளை இழுத்து இறுக்கினார். பேனர் கோணலாகத் தொங்குவது அவருக்குப் பிடிக்காது.

கடைகளுக்கு முன்னால் போகும் அஞ்சடி நடைபாதையில் பள்ளிப் பெண்கள் நாலைந்து பேர் வளையல் பைகளோடு வந்தார்கள். தீபாவளிச் சாமான் வாங்க அக்கரையிலிருந்து வந்தவர்கள். ஒருத்தி நின்று அண்ணாந்து பார்த்தாள். "ஏய், செம அழகா இருக்கு லா. அந்தப் பொண்ணப் பாரு, தனுஜா மாதிரியே. மச்சங்கூட இருக்கு. தனுஜா, நீ போய்க் கீழ நில்லு, போட்டோ எடுக்கலாம்."

தனுஜா பேனருக்குக் கீழே வந்து நின்றாள். மேலே பார்த்தாள். படத்தைப் பார்த்தாள், பிறகு ஏணியில் நிற்கிறவரைப் பார்த்தாள். போன் திறந்திருக்கிறது, அதில் அவர் படம் இருக்கிறது, பக்கத்தில் தோழிகள் நிற்கிறார்கள். இன்னும் ஒரு வாக்கியம்தான் பாக்கி. சொல்லிவிடுவாள் என்றே அவர் நம்பினார். அத்தனைக்குப் பிறகும் நம்பினார்.

"ஏணி குறுக்க வருது லா. அவர நவுரச் சொல்லு" என்றாள் போன் வைத்திருந்தவள்.

தனுஜா அவரைப் பார்த்தபடியே சொன்னாள். "அங்கிள், கொஞ்சம் நவுருங்க. படத்துல விழுறீங்க."

குரலில் கோபம்கூட இல்லை. தெருவில் யாரிடமும் கேட்பதுபோல் மரியாதையாகத்தான் கேட்டாள். தயாளன் இறங்கினார். வாசுவும் அவருமாக ஏணியைத் தூக்கிக்கொண்டுபோய்த் தூணுக்குப் பின்னால் வைத்தார்கள். அவள் தலையைச் சாய்த்து, மேலே இருக்கும் பெண் சிரிப்பதுபோலவே சிரித்தாள். படம் எடுத்தார்கள்.

"தேங்க்ஸ் அங்கிள்" என்று சொல்லிவிட்டுத் தோழிகளோடு போனாள். அவர்கள் தெருமுனை திரும்பும்வரை தயாளன் தூணுக்குப் பின்னாலேயே நின்றார். பிறகு ஏணியைக் கொண்டுவந்து சாய்த்து, மிச்சம் இருந்த இரண்டு மூலைகளையும் கட்டினார்.